பொது வகுப்பும் ஆசிரியர் உள்ளமும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்திற் பள்ளிக்கூடங்கள் திறக்கப்படுங்கால், தலைமையாசிரியர் அறையின் வாயிலிற் பெற்றோர் பலர் காத்து நிற்றல் நாமெல்லாம் கண்டதொரு காட்சியாகும். அவர்களுள் அன்னை ஒருவர் மட்டும் ஏனையோர்க்குப் பின்னே சற்று ஒதுங்கி நிற்பார். அவர் கையைப் பற்றி நிற்கும் குழந்தை பார்வையற்றதாக இருக்கலாம்; செவி கேளாததாக இருக்கலாம்; நடையிலும் பேச்சிலும் தளர்வுடையதாக இருக்கலாம்; வயது எட்டாகியும் எழுத்துக் கூட்டிப் படிக்கவியலாது பிறிதொரு பள்ளியினின்றும் திருப்பியனுப்பப்பட்டதாகவும் இருக்கலாம். தம் முறை வந்தவிடத்து அவ்வன்னையார் கேட்பது ஒன்றே: “ஐயா, என் பிள்ளையை இங்கே சேர்த்துக்கொள்வீர்களா?” என்பதே அது.

இவ்வினாவிற்கு நம் நாட்டுச் சட்டம் விடை கூறி ஆண்டுகள் பல ஆயின. ஆயினும், வகுப்பறையின் கதவைத் திறப்பதும் சாத்துவதும் சட்டப் புத்தகமன்று, ஆசிரியரின் கையே. ஆதலின், அக்கையை இயக்கும் உள்ளம் எத்தகையது, அஃது எவ்வாறாதல் வேண்டும் என்பன பற்றி எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். இக்கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருட் பலர் ஆசிரியத் தொழிலையே மேற்கொள்ளுகின்றனராதலின், இப்பொருள் நம் இதழுக்குப் புறம்பானதன்று.

முதற்கண் சட்டத்தின் நிலையைச் சுருங்கக் கூறுவாம். உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுடைய சிறார் கூடியமட்டிலும் பொதுப் பள்ளிகளிற் பயிலல் வேண்டுமென்று, 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக்குழு பரிந்துரைத்தது. 1974 ஆம் ஆண்டில் மத்திய அரசு அதற்கென ஒரு திட்டம் வகுத்தது. 1995 இல் மாற்றுத்திறனாளர்க்கென ஒரு சட்டமும், 2009 இல் கட்டாயக் கல்விச் சட்டமும், 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பிறந்தன. முன்னர் 7 வகையாக எண்ணப்பட்ட குறைபாடுகள் இக்கடைசிச் சட்டத்தில் 21 வகையாக விரிந்தன. கற்றற் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுட் சேர்ந்தன. அரசின் பொருளுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவாயினும் இச்சிறாரை வேற்றுமை பாராட்டாது சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அவரவர் தேவைக்கேற்பக் கற்பிக்கும் முறையையும் மாற்றியமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆணை. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய சிறார், 6 வயது முதல் 18 வயது வரை, அண்மையிலுள்ள பள்ளியிலேனும் தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலேனும் கட்டணமின்றிப் பயில உரிமையுடையர். 2011 ஆம் ஆண்டின் மக்கட் கணக்குப்படி, ஏதேனுமொரு குறைபாடுடையோர் இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேரும் ஆவர். எனவே, இஃது எங்கோ சிலரைப் பற்றிய செய்தியன்று.

இனி, நம் தமிழ் மரபு இதுகுறித்து யாது கூறுகின்றதெனச் சிலர் வினவக்கூடும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தை இளமையிற் கற்றோர் ஒன்றை நினைவு கூர்வர். நூல் கற்பிக்கத் தகாதவர் இன்னின்னார் என்று ஆங்கு ஒரு வரிசை கூறப்பட்டுள்ளது. கள்வனும் காமியும் சினமுடையானும் நிற்கும் அவ்வரிசையிலேயே, பிணியாளனும் மந்த புத்தியுடையானும் நிறுத்தப்பட்டுள்ளனர். ஒழுக்கம் பிழைத்தானையும் உடல் நலிந்தானையும் ஒரே நிரையில் வைத்தல் இன்று நம் மனத்திற்கு ஒவ்வாது. எனினும், அப்பாயிரமே, கற்பிக்கும் முறையைக் கூறப்புகுந்தவிடத்து, மாணாக்கன் எவ்வாறு ஏற்றுக்கொள்ளுவான் என்பதை அறிந்து, அவன் உள்ளங்கொள்ளுமாறு உரைத்தல் ஆசிரியனது கடமை என்று விதிக்கின்றது. ஒரு நூலினுள்ளேயே இவ்விரண்டும் உள. முன்னதைக் கழிந்த காலத்தோடு கழித்துவிட்டுப் பின்னதைக் கைக்கொள்ளுதலே நமக்குக் கடன். கற்போன் நிலையறிந்து கற்பித்தல் என்னும் அவ்விதி, கண்ணும் செவியும் நாவும் செம்மையாயிருப்பார்க்கு மட்டும் உரியதென்று கொள்வதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

நிற்க. ஆசிரியர் உள்ளத்தை உற்று நோக்குமிடத்து, இச்சிறார்பால் மூவகை மனநிலை காணப்படும். அவை மறுப்பு, அச்சம், இரக்கம் என்பனவாம்.

மறுப்பைப் பற்றி மிகுதியும் கூறவேண்டுவதில்லை. “இவன் எம் வகுப்பிற்குரியவனல்லன், இவனுக்கெனத் தனிப்பள்ளி இருக்கின்றது, அங்கே கொண்டு செல்லுங்கள்,” என்பது அதன் பேச்சு. சட்டத்திற்கு அஞ்சி அவ்வாறு வெளிப்படையாகக் கூறாது, “இடமில்லை” என்று நாசூக்காக அனுப்பிவிடுதலும் உண்டு. இஃது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் அநீதியாதலின், இதனை எதிர்த்து முறையிட வழியுண்டு. ஆதலின் இவ்வளவில் விடுக்கின்றோம்.

அச்சமோ எனின், அஃது ஏளனஞ் செய்தற்குரியதன்று. ஒரு வகுப்பில் நாற்பதின்மர் இருப்பர். சில இடங்களில் ஐம்பதின்மரும் இருப்பர். பாடப் பகுதிகளோ பல, நாட்களோ சில. ஆண்டு முடிவில், தேர்ச்சி விழுக்காடு எத்துணை என்றே மேலதிகாரிகளும் பெற்றோரும் கேட்பர். இந்நிலையில், தாம் ஒரு நாளும் கேட்டறியாத ஒரு நிலையினையுடைய பிள்ளை வகுப்பில் வந்து அமர்ந்தால், “இவனுக்கு எவ்வாறு கற்பிப்பேன்? இவனைக் கவனிப்பின் ஏனையோர் என்னாவர்?” என்று ஆசிரியர் கலங்குவது இயல்பே.

இக்கலக்கம் நம் நாட்டார்க்கே உரியதுமன்று. ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியெரி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், 1958 முதல் 1995 வரை ஆசிரியர்களின் கருத்தைப் பற்றி நடைபெற்ற 28 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 1996 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். அவ்வாய்வுகளில் விடையளித்த ஆசிரியர் 10,000 க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், இச்சிறாரைப் பொது வகுப்பிற் சேர்த்தல் நன்றென்று ஒப்பினர். ஆயின், தம் வகுப்பிலேயே ஏற்றுக் கற்பிக்கத் துணிந்தோர் பாதிக்குச் சற்றே மேற்பட்டனர். அதற்கு வேண்டிய நேரமும் பயிற்சியும் தமக்கு உண்டென்று கூறியோரோ மூன்றிலொரு பங்கினும் குறைந்தவரே. கொள்கையளவில் விரியும் உள்ளம், தன் வகுப்பறை வாயிலுக்கு வந்தவுடன் சுருங்குகின்றது. இச்சுருக்கம் கன்னெஞ்சத்தால் விளைந்ததென்று நாம் கருதவில்லை. துணையின்மையால் விளைந்ததென்றே கருதுகின்றோம். 2002 இல் அவ்ராமிடிஸ், நார்விச் என்னும் இருவர் பல நாட்டு ஆய்வுகளையும் ஒருங்கு நோக்கியபோதும் இக்கருத்தே வலியுறுகின்றது. உடலியக்கக் குறையும் புலன்குறையும் உடையாரை ஏற்பதற்கு இசையும் ஆசிரியர், அறிவு வளர்ச்சி குன்றியோரையும் நடத்தையில் வேறுபட்டோரையும் ஏற்கத் தயங்குகின்றனர். தக்க துணை கிடைத்தவிடத்து அத்தயக்கம் தளர்கின்றது.

“எனக்கு இதிற் பயிற்சியில்லை” என்று ஓர் ஆசிரியர் கூறுவாராயின், அது பெரும்பாலும் மெய்யுரையே. ஆனால், அவ்வுரை இரு வகையாற் பயன்படும். கதவைச் சாத்தித் தாழிடுவதற்கும் அது பயன்படும். பிள்ளையை உள்ளே அமர்த்திக்கொண்டு, மேலிடத்தாரை நோக்கி, “பயிற்சி தாருங்கள், துணையாசிரியரைத் தாருங்கள்,” என்று கேட்பதற்கும் பயன்படும். முதல் வகையாற் கூறுவோர்க்கு அப்பயிற்சி என்றுமே வாராது. பிள்ளை இல்லாத வகுப்பிற்குப் பயிற்சி எதற்கென்று மேலிடத்தார் இருந்துவிடுவர். இரண்டாம் வகையாற் கூறுவோரே தாமும் கற்றுப் பிறரையும் கற்பிக்கின்றனர்.

இனி, மூன்றாவதாகிய இரக்கமே எம்மை மிகுதியும் கவலைக்குள்ளாக்குவது. இரக்கம் நற்குணமன்றோ, அதனையும் குற்றங்கூறுவதோ எனின், எம் குற்றத்தையே எடுத்துக்காட்டி விடை கூறுவாம்.

இக்கல்லூரிக்கு வருமுன், யாம் சில ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராயிருந்தோம். எம்முடைய எட்டாம் வகுப்பில், மூளை முடக்குவாதத்தாற் கைந்நடுக்கமும் பேச்சுத் தடையும் உடைய சிறுமி ஒருத்தி பயின்றாள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஏனையோரினும் மும்மடங்கு நேரம் ஆகும். அவளைப் பலர் நடுவே எழுப்பி நிறுத்தி நாணச் செய்தல் தகாதென்று யாம் எண்ணினோம். ஆதலின், முன்வரிசையில் இடந்தந்தோம். வீட்டுப்பாடம் எழுதி வாராவிடினும் கடிந்திலோம். காணுந்தோறும் புன்முறுவல் பூத்தோம். நாம் நல்லாசிரியர் என்னும் எண்ணமும் எம்முள்ளே வளர்ந்து வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் நடந்த பெற்றோர் கூட்டத்தில், அச்சிறுமியின் தாயார் எம்மை அணுகித் தாழ்ந்த குரலில், “ஐயா, தவறாக எண்ணவேண்டா. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் கேள்வி கேட்கிறீர்களாம். என் மகளை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லையாம். தனக்கு ஒன்றும் தெரியாதென்று ஐயா முடிவு கட்டிவிட்டார் எனச் சொல்லி வீட்டில் அழுகிறாள்,” என்றார்.

யாம் வாயடைத்து நின்றோம். ஆறு திங்களாக யாம் அன்பென்று கருதிச் செய்தது, அக்குழந்தையின் உள்ளத்தில் ஆறு திங்கள் அவமதிப்பாகப் பதிந்திருந்தது. மறுநாட் சரித்திர வகுப்பில் அவளை நோக்கி ஒரு வினா விடுத்தோம். அவள் எழுந்து நின்றாள். சொற்கள் வரக் காலம் நீண்டது. பின்வரிசையிற் சிலர் நகைத்தனர். ஒருவன் அவளுக்கு முந்தி விடை கூற எழுந்தான். அவனை அமரச் செய்து காத்திருந்தோம். முடிவில் அவள் கூறிய விடையிற் பாதி சரி, பாதி பிழை. ஏனையோர் விடைகளும் பெரும்பாலும் அத்தன்மையனவே. பிழையைப் பிழையென்றே சொல்லித் திருத்தினோம். திருத்தப்பெற்று அமர்ந்த அவள் முகத்திற் கண்ட மலர்ச்சி, அதுகாறும் யாம் பூத்த புன்முறுவல்களால் ஒரு நாளும் விளைந்ததன்று. அன்று தொட்டு அவளும் எம் மாணாக்கியருள் ஒருத்தியானாள். அதற்குமுன் எம் வகுப்பில் வந்திருந்த விருந்தினளாகவே அவளை நடத்தி வந்தோம் என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

அன்பர்காள்! மறுப்பை எதிர்த்து முறையிடலாம். அச்சத்தைப் பயிற்சியால் மாற்றலாம். இரக்கத்தின்மீது வழக்குத் தொடுப்பார் யார்? “பாவம், வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்,” என்னும் இனிய சொல்லால், கேள்வி கேட்கப்படாமலும், பிழை திருத்தப்படாமலும், ஆண்டுதோறும் மேல் வகுப்பிற்கு ஏற்றப்பட்டு, எழுதப் படிக்க அறியாமலே பள்ளியை விட்டு வெளியேறும் சிறார் உளர். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஒரு நாளும் விடுபட்டதில்லை. வகுப்பிலோ ஒரு நாளும் அவர்கள் இருந்ததில்லை. எனவே, ஒரு பிள்ளை பொது வகுப்பிற் சேர்க்கப்பட்டதா என்றறிதற்குப் பதிவேட்டைப் பார்த்தல் போதாது. இவ்வாரத்தில் ஆசிரியரின் வினா அப்பிள்ளையிடம் எத்துணை முறை சென்றது என்று பார்த்தல் வேண்டும். இதுவே எம் கட்டுரையின் சாரம்.

வரவேற்பு மட்டும் போதாதென்பதற்குப் பழஞ்சான்று ஒன்றும் உண்டு. பிரான்சு தேசத்திற் பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணந் தைக்கும் தொழிலாளி ஒருவர்க்கு 1809 இற் பிறந்தவர் லூயி பிரெய்ல். மூன்று வயதில் தந்தையின் பட்டறையிற் கூரிய கருவியொன்றாற் கண்ணிற் புண்பட்டு, அதன் தீங்கு மறு கண்ணையும் பற்ற, இரு கண்ணும் இழந்தார். ஆயினும், அவ்வூர்ப் பள்ளியில் ஏனைய பிள்ளைகளோடு அமர்ந்து பயில அவர்க்கு இடங்கிடைத்தது. கேட்டவளவில் மனங்கொண்டு, அவர் சிறந்த மாணாக்கராகவே விளங்கினார். ஆனால், அவர் படிப்பதற்கு ஆங்கு நூலில்லை, எழுதுவதற்கு வழியுமில்லை. ஆதலின், 1819 இல், தம் பத்தாம் வயதில், பாரிஸிலிருந்த பார்வையற்ற சிறார் பள்ளிக்குச் சென்றார். பதினைந்து வயதளவில் ஆறு புள்ளிகளாலாகிய எழுத்து முறையை அமைத்தார். 1829 இல் அதனை அச்சிட்டு வெளியிட்டார். இன்று உலகெங்கும் பார்வையற்றோர் விரலாற் படிப்பது அவ்வெழுத்தே. அவ்வூர்ப் பள்ளி கதவைச் சாத்தியிருப்பின் அச்சிறுவனது அறிவு வெளிப்படாமலே போயிருத்தல் கூடும். கதவு திறந்திருந்தும், கருவியின்மையால் அவர் ஊரைவிட்டு நீங்க வேண்டியதாயிற்று. அன்று இல்லாத கருவி இன்று நம் கையில் இருக்கின்றது. பிரெய்ல் நூல்கள் உள. எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் கணினிகளும் கைப்பேசிகளும் உள. கதவும் கருவியும் ஒருங்கே உள்ள காலத்திலும் பிள்ளை வெளியே நிற்குமாயின், அதற்குக் காரணம் நம் உள்ளத்திலன்றி வேறெங்கே உளது?

இனி, யாதொரு பொருட்செலவுமின்றி ஆசிரியர் நாளையே தொடங்கத்தக்கன சிலவற்றைக் கூறுவாம். கரும்பலகையில் எழுதுவதனை எழுதும்போதே வாய்விட்டுப் படித்தால், பார்வையற்ற மாணவனுக்கு அப்பலகை திறந்துவிடும். “இதனைப் பார், அதனைப் பார்” என்னாது, இன்னதென்று பெயர் சொல்லிக் கூறுதல் வேண்டும். பலகையை நோக்கிப் பேசாது மாணவரை நோக்கிப் பேசினால், செவிப்புலன் குன்றிய பிள்ளை உதட்டசைவைக் கண்டு ஓரளவு உணரும். சாளரத்தை முதுகிற்கொண்டு நிற்பின் ஆசிரியர் முகம் இருண்டு தோன்றுமாதலின், வெளிச்சம் முகத்தில் விழுமாறு நிற்றல் வேண்டும். எழுத்துக் கூட்டுவதில் தடுமாறுவோனை எல்லோர் நடுவிலும் உரக்கப் படிக்கச் சொல்லுதல் ஆகாது. அவன் பொருளை அறிந்துளனா என்பதை வாய்மொழியால் வினவி அறிதல் கூடும். எழுத்துப் பிழை வேறு, பொருளறியாமை வேறு என்பதை மதிப்பெண் இடும்போது மறத்தலாகாது. ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு அன்றைய நாளின் ஒழுங்கை முன்னரே கூறிவிட்டால் அதன் கலக்கம் பெரிதும் தணியும். திடீரென இடத்தையும் நேரத்தையும் மாற்றுதலும், வகுப்பிற் கூச்சல் எழ விடுதலும் அதனை வருத்தும். மெல்லக் கற்பார்க்குப் பெரிய பணியொன்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத் தருதல் வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோன் ஒருவன் இருப்பின், அவனைத் தூக்கி மாடிக்கு ஏற்றுவதினும், அவ்வகுப்பையே கீழ்த்தளத்திற்கு இறக்குதல் எளிது. அவனது மானத்திற்கும் அதுவே தக்கது. யாவற்றினும் முதன்மையானது, “உனக்கு எது எளிதாயிருக்கும்?” என்று அப்பிள்ளையையே கேட்டல். வினா விடுத்தபின் பத்தெண்ணுமளவு பொறுத்திருத்தல் அதற்கு அடுத்தது.

இவற்றைக் கூர்ந்து நோக்குவார், இவற்றுள் ஏனைய மாணவர்க்குத் தீங்கு பயப்பது ஒன்றுமில்லை என்பதைக் காண்பர். பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தலும், மாணவரை நோக்கித் தெளிவாகப் பேசுதலும், பொறுத்திருந்து விடை கேட்டலும் யாவர்க்கும் நன்மையே. இங்கிலாந்தில் மேரி வார்னக் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1978 இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளிப் பருவத்தில் ஏதேனுமொரு காலத்தில் ஐந்து சிறார்க்கு ஒருவர் சிறப்புதவி வேண்டுவோராதல் கூடுமென்று கூறப்பட்டது. எனவே, தனி உதவி வேண்டுவோர் வேறொரு கூட்டத்தாரல்லர். நாற்பதின்மர் அமர்ந்த வகுப்பில் முன்னமே எண்மர் இருத்தல் கூடும். அவர்களை நாம் சோம்பேறிகள் என்றும், கவனமில்லாதவர் என்றும் பெயரிட்டு அழைத்து வந்திருத்தலும் கூடும்.

ஆயினும், பொது வகுப்பே எல்லாச் சிறார்க்கும் எல்லாக் காலத்தும் மருந்து என்று யாம் சாதிக்கவில்லை. வார்னக் அம்மையாரே 2005 இல், தாம் முன்னர் வித்திட்ட கொள்கையை மீண்டும் ஆராய்தல் வேண்டுமென்று எழுதினார். ஒரே கூரையின்கீழ் இருத்தல் பெரிதன்று, கற்றலென்னும் பொதுச் செயலிற் பங்குபெறுதலே பெரிது என்பது அவர் கருத்து. சிறப்பாகச் செவி கேளாத சிறார் திறத்தில் இது பெரிதும் நினைத்தற்குரியது. 1880 இல் இத்தாலி நாட்டு மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, அச்சிறார்க்குச் சைகை மொழியை விடுத்து வாய்ப்பேச்சு முறையாலேயே கற்பித்தல் வேண்டுமென்று தீர்மானித்தது. கூடியிருந்த 164 பிரதிநிதிகளுள் செவி கேளாதவர் ஒருவரே. சிறாரைப் பொதுச் சமூகத்தோடு இணைத்தல் என்னும் நன்னோக்கத்தோடு செய்யப்பட்ட அத்தீர்மானத்தால், பல நாடுகளிற் சைகை மொழி வகுப்பறையினின்றும் விலக்கப்பட்டது. அம்மொழியிற் கற்பித்து வந்த செவி கேளாத ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். 2010 இல் வாங்கூவர் நகரிற் கூடிய மாநாடே அத்தீர்மானங்களைத் தவறென ஒதுக்கியது. 130 ஆண்டுகள் ஆயின, கேட்கவேண்டியவரைக் கேளாது செய்த ஒரு நன்மையின் தீமையை ஒப்புக்கொள்ள! சைகை மொழி அறிந்தார் ஒருவரும் இல்லாத வகுப்பிற் செவி கேளாத பிள்ளையை அமர்த்திவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என மகிழ்தலும் அத்தகைய நன்மையே.

ஆதலின், சிறப்புப் பள்ளிகளை இகழ்தல் தகாது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இச்சிறார் கல்வியை ஒருவரும் பொருட்படுத்தாத காலத்தில், அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையார் பார்வையற்றோர்க்கும், நம் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவி கேளாதார்க்கும் பள்ளிகள் கண்டனர். அத்தகைய பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அனுபவம் பெருஞ்செல்வமாகும். அச்செல்வம் அம்மதில்களுக்குள்ளேயே அடைபட்டிராமல், அங்குள்ள ஆசிரியர் பொதுப் பள்ளிக்கு வந்து வழிகாட்டவும், பொதுப் பள்ளி ஆசிரியர் அங்குச் சென்று கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தலே நேரிது.

இனி, பாரம் முழுவதையும் ஆசிரியர் தோள்மீதே சுமத்திவிட்டு அரசும் நிர்வாகமும் அகன்று நிற்றல் கூடாது. இத்தாலி தேசத்தார் 1977 இல் ஒரு சட்டத்தால் இச்சிறாரைப் பொது வகுப்பிற் சேர்த்தபோது, அவர்கள் பயிலும் வகுப்பில் இருபதின்மருக்கு மேற்படலாகாதென்றும், துணையாசிரியர் ஒருவர் வேண்டுமென்றும் அச்சட்டத்திலேயே விதித்தனர். நம் நாட்டிலும், தொடக்க வகுப்புக்களில் இத்தகைய மாணவர் பதின்மர்க்கு ஒருவரும், மேல் வகுப்புக்களிற் பதினைவர்க்கு ஒருவருமாகச் சிறப்பாசிரியர் இருத்தல் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2021 இல் உரைத்தது. பல பள்ளிகளைத் தம் பொறுப்பிற்கொண்டு, நாளுக்கொரு பள்ளியாகச் சுற்றி வரும் சிறப்பாசிரியரால் எத்துணை செய்தல் இயலும்? அவர் வாராத நாட்களிலும் அப்பிள்ளை பள்ளிக்கு வருகின்றதன்றோ? 2014 ஆம் ஆண்டு விதிகளின் வழி அமைந்த ஈராண்டு பி.எட். பாடத்திட்டத்தில் இப்பொருளுக்கு இடந்தரப்பட்டுள்ளது. அது தேர்வெழுதி மறக்கும் பாடமாக நின்றுவிடாமல், பயிற்சிக் காலத்தில் ஒவ்வொருவரும் இத்தகைய சிறுவன் ஒருவனுக்கேனும் கற்பித்தே தீர்தல் வேண்டும் என்னும் நியதியாதல் வேண்டும். நீந்துதலைக் கரையில் நின்று கற்றார் யார்?

முடிவாக, நம் கல்லூரியைப் பற்றியும் ஒரு சொல். 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் 100 இடங்களுக்கு 5 இடங்களேனும் இவர்களுக்கென ஒதுக்கப்படல் வேண்டும். ஆதலின், இம்மாணவர் நம்மிடையே இருக்கின்றனர், இன்னும் வருவர். பேராசிரிய நண்பர்காள்! விரிவுரையின்போது நம் வினா அவர்களிடம் செல்லுகின்றதா? தேர்வுத் தாளில் மதிப்பெண்ணை வாரி வழங்குகின்றோமா, அன்றிப் பிழையைச் சுட்டித் திருத்துகின்றோமா? மாணவ நண்பர்காள்! நும் வகுப்பிலுள்ள பார்வையற்ற தோழர்க்குப் பாடம் படித்துக் காட்டுவார் யார்? அவர் கூற எழுதும் எழுத்தர் கிடையாமல், தேர்வு நாளின் காலையில் அவர் அலைந்து திரிகின்றாரா? அவரோடு உணவருந்தவும், வாதிடவும், விளையாட்டாய்ச் சண்டையிடவும் நீவிர் பழகியுளீரா? நாளை நீவிர் ஆசிரியராகி, நும் அறைவாயிலில் முற்கூறிய அன்னையார் வந்து நிற்கும்போது, நும் உள்ளத்தில் மறுப்போ அச்சமோ வெற்றிரக்கமோ எழாமல், “ஆம், என் தோழரொருவர் இவ்வாறே இருந்தார், அவரோடு நான் படித்தேன்,” என்னும் நினைவு எழுமாயின், அதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை.

எம் பழைய மாணாக்கியின் தாயார் அன்று கேட்டது பொருளுதவியன்று, மதிப்பெண்ணுமன்று, தம் மகளுக்கு ஒரு கேள்வி. கடைசி வரிசையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கேள்வி நாள்தோறும் சென்று சேருமாறு ஆசிரியராயுள்ளோரும் ஆசிரியராகவிருப்போரும் முயல்வோமாக.